பிரிக்காத அட்டைகள்

ஆடி, செவ்வாய்க்கிழமை

இன்று பிளஸ் டூ வகுப்பில், செல் எப்படி டிஎன்ஏவை நகலெடுக்கிறது என்று நடத்தினேன். நகலெடுக்க அனுமதி தருவது ஒரு புரதம். வேலை தொடங்கியதும் செல்லே அதை அழித்துவிடும். இல்லையென்றால் எடுத்ததையே மறுபடியும் எடுக்கும் என்றேன்.

யமுனா எழுந்தாள். "எங்க அக்கா கல்யாணப் புடவை மாதிரியா மிஸ்? அந்த டிசைன்ல வேற புடவையே வராது, நெய்ஞ்சதும் தறியில இருக்கற டிசைன் அட்டையப் பிரிச்சிடுவேன்னு உங்க வீட்டு சார் சொன்னாரே!"

வகுப்பே கைதட்டியது. எனக்கும் பெருமைதான்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்தால், தறிக்கு மேல் அதே அட்டைகள் தொங்குகின்றன. கீழே யமுனாவின் அக்கா புடவையில் இருந்த அதே அன்னப்பட்சி, வேறு நிறத்தில். யமுனா வீட்டார் புடவையை வாங்கிப் போய் ஒரு வாரம் ஆகிறது.

"என்னங்க இது?"

தறியை நிறுத்தாமலே சொன்னார். "வந்தவாசி கடைக்காரர் கேட்டுகினே இருந்தாரு. ஒண்ணே ஒண்ணுதான். யாருக்குத் தெரியப் போவுது?"

இப்போது பக்கத்தில் குறட்டை விடுகிறார். எப்படித்தான் தூக்கம் வருகிறதோ.

நாளைக்கு, அந்தப் புரதம் அழியாமல் நின்றுவிட்டால் என்ன ஆகும் என்று நடத்த வேண்டும். யமுனா முதல் பெஞ்சில்தான் உட்காருவாள்.