இருபதாவது கோட்டை

ஓட்சு,
14 மே 1994

என் கணவர் கெங்கோ அவர்களுக்கு,

மசுயே எழுதுவது. தங்கை கினுயேவின் தையல் கடைக்கு மேலே ஓர் அறை காலியாக இருந்தது, அங்கே தங்கியிருக்கிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. உங்களுடையதைக் கேட்க வேண்டியதில்லை. தகரக் கவசத்தைச் சுமந்துகொண்டு மலையேறுகிறவருக்கு உடம்பில் என்ன குறை இருக்கப் போகிறது.

அடுப்படியில் வைத்துவிட்டு வந்த சீட்டில் கொஞ்ச நாள் வெளியே இருக்கப்போவதாக மட்டும் எழுதியிருந்தேன். காரணத்தை இப்போது சொல்கிறேன். முப்பத்தொரு வருடம் ஹமனோ நகராட்சியின் சுற்றுலாப் பிரிவில் கோப்பு புரட்டிவிட்டு மார்ச்சில் ஓய்வு பெற்றீர்கள். இனியாவது வீட்டில் இருப்பீர்கள் என்று நினைத்தேன். இரண்டே வாரத்தில் கொம்பு வைத்த தலைக்கவசத்தோடு கோட்டை வாசலில் நின்று முரசடித்தீர்கள். கௌரவக் கோட்டைத் தலைவராம். எந்தக் கோட்டைக்கு? ஐந்து வருடத்துக்கு முன், இசோபே தோட்டம் என்று ஊரே சொன்ன என் அப்பாவின் பதினெட்டு பிளம்ஸ் மரங்களை வெட்டிவிட்டு சிமென்டில் கட்டினார்களே, அதற்கு. "நான் கடைசி வரைக்கும் எதிர்த்தேன் மசுயே, எடுபடல" என்று என் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு சொன்னீர்களே, அதற்கு. அன்று உங்களை நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் ஐந்து வருடம் உங்களுக்குச் சோற்றுப்பெட்டி கட்டிக்கொடுத்தேன்.

அந்த மலையில் ஐந்நூறு வருடத்துக்கு முன் இருந்தது ஒரு மரவேலியும் நாற்பது ஆட்களும். எதிரி வந்த அன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்பே சரணடைந்துவிட்டார்கள். அதற்கு இப்போது ஐந்து மாடி.

ரயில் நிலையத்தில் ஒரு புத்தகம் வாங்கினேன். ஏரிக்கரையின் இருபது பழங்கோட்டைகள். கோட்டைக்கு ஒரு பக்கம், வருகிறவர்கள் அதில் பதித்துக்கொள்ள ஒவ்வொரு கோட்டையிலும் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் வைத்திருக்கிறார்கள். இத்தனை வருடம் சாப்பாட்டு நேரத்தில் உங்களைப் பிடித்துவைத்த சமாச்சாரத்தை நானும் பார்த்துவிடுகிறேன். இருபதாவது ஹமனோ. புத்தகம் நிரம்பியதும் விவாகரத்துப் படிவத்தில் கையெழுத்துக்குப் பதிலாக என் பெயர் முத்திரையைப் பதித்து அனுப்புவேன்.

இன்று முதலாவது, தகேஹானா. பழைய கற்சுவர் இடுப்புயரம், அதன்மேல் லிஃப்ட் வைத்த கோபுரம். டிக்கெட் கிழித்த பெண்ணிடம், "அந்தக் காலத்து பிரபுவுக்கு முட்டிவலியா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் தெரியாதுங்க. மூணாவது மாடியில ஐஸ்கிரீம் கிடைக்கும்" என்றாள்.

நேர்மையான பெண். ஐஸ்கிரீம் நன்றாகவே இருந்தது.

மசுயே

*

ஹமனோ,
5 ஜூன் 1994

மசுயேவுக்கு,

மழைக்காலம் நெருங்கிவிட்டது, ஏரியின் மேல் மேகம் தாழ்ந்து நிற்கிறது. இந்தப் பருவத்தில் உன் தங்கை வீட்டார் யாவரும் நலமாயிருப்பார்கள் என நம்புகிறேன்.

உன் கடிதத்தில் பிழைகள் மலிந்திருக்கின்றன. ஹமனோ மலையில் இருந்தவர்கள் நாற்பது பேர் அல்ல, அறுபத்திரண்டு பேர். அவர்கள் சரணடைந்தது மதியத்துக்குப் பிறகு. என் கவசம் தகரம் அல்ல, அலுமினியம். முரசடிப்பவரும் நான் அல்ல, அதற்கு வேறொருவர் இருக்கிறார். நான் கையை மட்டும் உயர்த்துவேன்.

நகராட்சித் தலைவர் இரண்டு புட்டி சாக்கேயோடு நம் வீட்டுக்கே வந்து குனிந்து வணங்கிக் கேட்டார். "மினோவா சார், இந்த ஊர்ல அந்தக் கொம்பு உங்க தலைக்குத்தான் பொருந்தும்" என்றார். மறுப்பது எப்படி? நீ உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாய். நீயாவது வந்து மறுத்திருக்கலாம்.

கோட்டை கட்டுவதை நான் எதிர்த்தேன் என்பது உண்மை. அதற்கு அதிகாரபூர்வமான ஆதாரமே இருக்கிறது. சொல்லிக்காட்டும் வழக்கம் எனக்கு இல்லாததால் சொல்லவில்லை.

ஸ்டாம்ப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகத் திரிகிறவர்களை நாங்கள் அலுவலகத்தில் மனிதக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அந்தக் கும்பலில் என் மனைவியும் சேர்ந்துவிட்டாள் என்று வெளியே சொல்ல முடியவில்லை. சேர்ந்ததுதான் சேர்ந்தாய், ஒழுங்காகவாவது பதி. மையில் மெதுவாக இரண்டு முறை தட்டு. நான்கு மூலையையும் அழுத்து. ஐந்து வரை எண்ணு. பிறகு ஆட்டாமல் நேராகத் தூக்கு. உன் கைக்கு அவசரம் அதிகம், எல்லாம் கோணலாகத்தான் விழுந்திருக்கும்.

மினோவா கெங்கோ

*

ஓட்சு,
21 ஆகஸ்ட் 1994

கணவர் அவர்களுக்கு,

கோணலாகத்தான் விழுந்திருக்கிறது. ஒன்பதும். ஆறாவதில் குதிரை தலையில்லாமல் நிற்கிறது.

விவாகரத்து என்று எழுதிய மனைவிக்கு மேகம் தாழ்ந்து நிற்பதைப் பற்றிப் பதில் எழுத உங்களால்தான் முடியும். கினுயே வாங்கிப் படித்தாள். "அக்கா, இது மாமா எழுதினதா, இல்ல நகராட்சி சுற்றறிக்கையா?" என்றாள். அடியில் இருந்த கையெழுத்தைக் காட்டிய பிறகுதான் நம்பினாள்.

நேற்று குரமா மலைக்கோட்டை. வெயில் மண்டையைப் பிளந்தது. அடிவாரத்தில் கார் நிறுத்துமிடம், கரடியை விரட்ட ஆட்டுகிற மணி, ஒரு தகரப் பெட்டிக்குள் ஸ்டாம்ப். டாக்ஸி ஒன்று எஞ்சினை அணைக்காமல் நின்றது. அதிலிருந்து உங்கள் வயதுக்காரர் ஒருவர், நகோயாக்காரராம், இறங்கி ஓடிவந்து, பதித்துவிட்டுத் திரும்பினார்.

"மேல ஏறலீங்களா?" என்றேன்.

"ஸ்டாம்ப் இங்கயே இருக்குதேம்மா. மேல என்ன, வெறும் புல்லு."

"அப்ப எதுக்கு நகோயாலேர்ந்து வந்தீங்க?"

"இன்னிக்கு இன்னும் மூணு பாக்கி இருக்கு" என்றவர் என் புத்தகத்தைப் பார்த்துவிட்டார். முகம் சுருங்கிவிட்டது. "என்னம்மா இது, இப்படி குத்தி வச்சிருக்கீங்க. பார்க்கவே மனசு கேக்கல. மையில மெதுவா ரெண்டு தட்டு தட்டணும்."

உங்களுக்கு ஒரு தம்பி இருப்பதை நீங்கள் சொன்னதே இல்லை.

நான் ஏறினேன். ஒன்றரை மணி நேரம். அவர் சொன்னது சரி, வெறும் புல்தான். "இங்கே மையக் கோட்டை இருந்தது" என்று ஒரு மரக்கம்பம், மண்மேடு, பள்ளம், கீழே ஏரி. லிஃப்ட் இல்லை, கொம்பு வைத்த மனிதர் இல்லை. சோற்றுருண்டையைத் தின்றுகொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இந்த ஒரு கோட்டையைத் திட்ட எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. நீங்கள் பக்கத்தில் இருந்தால் வாசல் எந்தப் பக்கம் இருந்தது என்று சொல்லிப் பிராணனை வாங்கியிருப்பீர்கள் என்று ஒரு நிமிடம் நினைத்தேன். தேநீரில் பூச்சி விழுந்தது. அதோடு அந்த நினைப்பும் போய்விட்டது.

மசுயே

*

ஹமனோ,
18 செப்டம்பர் 1994

மசுயேவுக்கு,

காலை வேளைகளில் காற்று குளிர்ந்துவிட்டது. ஏரியோர நாணல் வெளுக்கத் தொடங்கியிருக்கிறது.

குரமா கோட்டையின் வாசல் தென்மேற்கில் இருந்தது. பழைய வரைபடத்தை எடுத்துப் பார்த்து உறுதி செய்துகொண்டேன். நீ உட்கார்ந்த மேடு அநேகமாக அவர்களுடைய சமையற்கட்டு.

பதினாறாவது கோட்டையை மழை பெய்த மறுநாள் ஏறாதே. வடக்குப் படிகளில் பாசி. உன் பழுப்பு நிறச் செருப்பு அதற்கு ஆகாது.

இருபதாவதற்கு வருவதாக இருந்தால் செவ்வாய்க்கிழமை வா. வாரநாட்களில் நான் கவசம் அணிவதில்லை. சாதாரண உடையில் வாசலில் நிற்பேன். முன்கூட்டித் தெரிவித்தால் அயு மீன் வாங்கிவைக்க வசதியாக இருக்கும்.

கெங்கோ

*

ஓட்சு,
5 நவம்பர் 1994

கெங்கோ அவர்களுக்கு,

இருபதாவதைப் பார்த்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை வரவில்லை. மூன்றாம் தேதி, விடுமுறை நாளில் வந்தேன். சாதாரண உடையில் உங்களை முப்பது வருடம் பார்த்தாயிற்று.

வாசலில் உங்களைப் பார்க்க வரிசை நின்றது. நான் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டிருந்தேன். உங்களுக்கு மூன்றடி முன்னால் வந்து நின்றேன். நீங்கள் வாய் திறந்து சொன்னது இதுதான்: "அம்மா, போட்டோ எடுக்கணும்னா வலது பக்கம் வரிசைல நில்லுங்க."

கொம்பு கண்ணை மறைக்கிறது போலிருக்கிறது. அதை விடுங்கள்.

மூன்றாவது மாடிக்குப் போனேன். "கோட்டையின் வரலாறு" என்று ஒரு கூடம். ஐந்து வருட வரலாற்றை வைத்துக்கொண்டு ஒரு கூடத்தை எப்படி நிரப்புவார்கள் என்று பார்த்தால், சிமென்ட் கலவையின் மாதிரித் துண்டு, ரிப்பன் வெட்டிய கத்தரிக்கோல், கடைசியில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் கட்டுமான ஒப்புதல் ஆவணம். ஏழு அதிகாரிகளின் சிவப்பு முத்திரைகள். ஆறு நேராக நின்றன. ஐந்தாவதாக மினோவா, தலைகீழாக.

நம் கல்யாணமான புதிதில் நீங்கள்தான் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தீர்கள். ஒப்புதல் இல்லை, ஆனால் அதைச் சொல்ல வாயும் இல்லை என்றால் அலுவலகத்தில் முத்திரையைத் தலைகீழாகப் பதிப்பார்கள், காகிதம் செல்லும், மனசாட்சியும் தப்பித்துக்கொள்ளும் என்று. அன்றைய உங்கள் மேலதிகாரி அப்படிச் செய்ததைச் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.

இதுதானா அந்த ஆதாரம்? நீங்கள் மேசையில் குத்திப் பேசியிருப்பீர்கள், கூட்டத்தை விட்டு எழுந்து போயிருப்பீர்கள், அதனால்தான் பிரிவுத் தலைவர் பதவி உங்களுக்குக் கிடைக்கவில்லை என்றெல்லாம் ஐந்து வருடம் நானே கதை கட்டி வைத்திருந்தேன். மரங்களை வெட்டிய அன்று என் அப்பா வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "மாப்பிள்ளை நமக்காகச் சண்டை போட்டாரும்மா, அது போதும்" என்றார். அவர் செத்துப்போனது நல்லதாயிற்று. இந்தக் கண்ணாடிப் பெட்டியைப் பார்க்காமல் போனார். சுண்டைக்காய் அளவு வட்டம். உங்கள் வீரம் மொத்தமும் அதற்குள் அடங்கிவிட்டது, இன்னும் இடம் மிச்சம் இருக்கிறது.

எனக்குக் கோபம்கூட வரவில்லை. பக்கத்தில் நின்ற ஒருவர் மனைவியிடம், "ஒண்ணு மட்டும் தப்பா குத்திட்டாங்க பாரு" என்றார். "தப்பில்ல, அவரு எதிர்த்துப் போராடுறாரு" என்று நான் சொன்னேன். அவர்கள் என்னை விட்டுத் தள்ளி நின்றுகொண்டார்கள்.

விவாகரத்துப் படிவத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். கினுயேவும் அவள் கணவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். என் முத்திரையும் இருக்கிறது. ஸ்டாம்ப் புத்தகத்தையும் வைத்திருக்கிறேன். இரண்டையும் நன்றாகப் பாருங்கள், கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். பார்த்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ அதைச் செய்யுங்கள். அவசரமே இல்லை.

மசுயே

*

ஹமனோ,
22 நவம்பர் 1994

மசுயேவுக்கு,

மலைகளில் முதல் பனி தெரிகிறது. குளிர் கூடும் காலம், கவனமாக இரு.

மூன்றாம் தேதி உன்னை அடையாளம் காணாதது என் தவறு. கொம்பு கண்ணை மறைப்பது உண்மைதான், நகராட்சிக்கு எழுதியிருக்கிறேன்.

நீ சொன்னபடி இரண்டையும் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். படிவத்தில் உன் முத்திரை தலைகீழாக இருந்தது. கை அவசரமோ என்று முதலில் நினைத்தேன். படிவத்தில் வேறெதிலும் கோணல் இல்லை. அது மட்டும் வேண்டுமென்றே, ஐந்து வரை எண்ணிப் பதித்தது போல இருந்தது. உன் மனம் எனக்குப் புரிந்தது.

எனக்கும் இதில் சம்மதம் இல்லை. அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக என் முத்திரையையும் தலைகீழாகவே பதித்தேன். பதினாறாம் தேதி காலை நானே நகராட்சிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பெண் என்னிடம் வேலை பழகியவள். "எல்லாம் சரியா இருக்கு மினோவா சார்" என்றாள். விவாகரத்தை அப்போதே பதிவு செய்துவிட்டாள். இரண்டு முத்திரையையும் அவள் கவனிக்கவில்லை. அவசரமில்லை என்று எழுதியிருந்தாய். ஆனால் கைக்கு வந்த காகிதத்தைக் கிடப்பில் போட்டு எனக்குப் பழக்கமில்லை.

ஸ்டாம்ப் புத்தகத்தில் இருபதாவது பக்கம் விடுபட்டிருந்தது. அவ்வளவு தூரம் வந்தும் பதிக்க மறந்திருக்கிறாய். மனு முழுமையாக இருக்க வேண்டும் என்பதால் கோட்டைக்குப் போய் நானே பதித்து, இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நேராக விழுந்திருக்கிறது.

நம் வீட்டுச் சாவி உன்னிடமே இருக்கட்டும்.

கெங்கோ

*

ஓட்சு,
1 டிசம்பர் 1994

திரு. மினோவா கெங்கோ அவர்களுக்கு,

உங்கள் உறை வந்த அன்று நான் பெட்டி கட்டி வைத்திருந்தேன். தடியான உறையைப் பார்த்ததும் கிழித்த படிவம்தான் உள்ளே இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். கினுயேகூட, "மாமா கிழிச்சுட்டாரு போலருக்கே" என்று கடையிலிருந்து மாடிக்கு ஓடிவந்தாள்.

உங்கள் கையில் "மாட்டேன்" என்ற ஒரு சொல் அகப்படட்டும் என்றுதான் தலைகீழாகப் பதித்தேன். புத்தகம் நிரம்பினால்தான் விவாகரத்து என்று மே மாதமே எழுதியிருந்தேன். அதனால்தான் இருபதாவது பக்கத்தை வெறுமையாக விட்டேன். ஒரு செவ்வாய்க்கிழமை இரண்டு பேருமாகப் போய்ப் பதிக்கலாம் என்றிருந்தேன். குறையுள்ள மனுவைத் திருப்பி அனுப்பாத அதிகாரி உலகத்தில் உண்டா? நீங்கள் என் குறையை நிரப்பி அனுப்பிவிட்டீர்கள்.

இப்போதும் நீங்கள் எதிர்த்தேன் என்றுதான் சொல்லிக்கொள்வீர்கள். ஆதாரமும் நகராட்சியில் பத்திரமாக இருக்கும்.

சாவியை இத்துடன் வைத்திருக்கிறேன்.

இருபதாவது பக்கத்தை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். நேராகத்தான் பதித்திருக்கிறீர்கள். மைகூடப் பிசிறவில்லை.

இசோபே மசுயே