வளர்ச்சிக்கு நாலு அங்குலம்

மார்ச் 4

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. முதலில் அழுகையை நிறுத்திவிட்டுப் படி. உன் வால் பெண்ணுக்கு நேற்று ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இடது முழங்காலுக்குக் கீழே எலும்பில் கட்டியிருந்த சீழை எடுத்துவிட்டார்கள். கண் விழித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "மாமா, என் செருப்பு எங்க?" நர்ஸே சிரித்துவிட்டாள். பத்து நாளில் வீட்டுக்கு வந்துவிடுவாள். நானும் உன் அண்ணியும் மாற்றி மாற்றிப் பக்கத்திலேயே இருக்கிறோம். நீ இதையே நினைத்து ஊசியைக் கையில் ஏற்றிக்கொள்ளாதே.

உன் அண்ணன்

மார்ச் 15

அன்புள்ள அண்ணாவுக்கு,

கடிதத்தைத் தையல் மெஷின் மேலேயே வைத்துக்கொண்டு நாலு தரம் படித்தேன். வயிற்றில் பால் வார்த்தீர்கள். ஆனால் அவள் கையால் ஒரு வரி இல்லையே? ஒன்பது வயசு, சுவரெல்லாம் கிறுக்குகிறவள், எனக்கு ஒரு "அம்மா" எழுத மாட்டாளா? காய்ச்சல் இருக்கிறதா? தையல் பிரித்தாயிற்றா?

சூப்பர்வைசரிடம் லீவு கேட்டு உங்கள் கடிதத்தைக் காட்டினேன். "பிள்ளை நல்லா இருக்குன்னுதானேம்மா எழுதியிருக்காங்க, அப்புறம் என்ன?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

நல்ல நீலத் துணி கிடைத்தது. அவளுக்குப் பைஜாமா தைக்கப் போகிறேன். அளவு எடுத்து அனுப்புங்கள். தச்சு வேலை செய்கிறவருக்கு அளக்க நான் சொல்லித் தர வேண்டாம்.

உங்கள் தங்கை

மார்ச் 27

அன்புத் தங்கைக்கு,

இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்கிறார் டாக்டர். இவர்கள் தும்மினால்கூட ஒரு வாரம் படுக்கப் போடுகிற ஆட்கள். இப்போது தனி அறைக்கு மாற்றியிருக்கிறார்கள், காற்றோட்டம் பிரமாதம். உனக்கு எழுத உட்கார்ந்தவள் பென்சிலைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள். மருந்து அசதிதான். உன் அண்ணி அழுகிறாள் என்று யாராவது எழுதினால் நம்பாதே, அவளுக்குக் கண்ணில் தூசி.

அளவு: இடுப்பு இருபத்தொன்று. மார்பு இருபத்துநாலு. கால் நீளம் இருபத்தெட்டு, இரண்டும் ஒன்றேதான்.

உன் அண்ணன்

ஏப்ரல் 7

அண்ணா,

இரண்டும் ஒன்றா என்று நான் கேட்கவே இல்லையே. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சரிதான். ஆனாலும் உங்களை நம்பித் துணியை விரித்துவிட்டேன். அளவு எழுதிய தாளைத் திருப்பினால் பின்னால் உங்கள் பென்சில் எழுத்து. கையில் கிடைத்த தாளில் எல்லாம் மரக்கணக்குப் போடுகிற புத்தி உங்களை விட்டு எங்கே போகும்!

"அக்குள் முதல் தரை வரை 37. ஊன்றுகோல் ஒன்று. கெட்டி மரம். வளர்ச்சிக்கு 4 அங்குலம்."

கொஞ்ச நாள் ஊன்றி நடக்க வேண்டுமென்றால் ஆஸ்பத்திரியிலேயே தருவார்கள். பாவாடைக்கு நான் மடிப்பு விடுகிற மாதிரி நீங்கள் கோலுக்கு மரம் விட்டிருக்கிறீர்கள். அது எத்தனை வருஷத்துக்கு அண்ணா? என் பிள்ளையின் காலை எடுத்துவிட்டார்களா? நீங்கள் சம்மதக் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா?

நேற்று முழுக்க உங்களை வாய்க்கு வந்தபடி திட்டினேன். இன்று திட்டுவதற்குக்கூடத் தெம்பில்லை. வேலை போனால் போகட்டும், வருகிறேன். டிக்கெட் மாதக் கடைசியில்தான் கிடைத்தது. அதுவரை அவளிடமும் பொய் சொல்லாதீர்கள். செருப்பை ஒளித்து வைத்திருந்தால் எடுத்துக் கொடுத்துவிடுங்கள்.

வெறும் மரம் அக்குளில் உறுத்தும். நீலத் துணியில் பஞ்சு வைத்து மெத்தை தைத்துக்கொண்டு வருகிறேன். மேல்கட்டையின் நீளம், அகலம் எழுதுங்கள். இந்த ஒன்றையாவது அளந்து எழுதுங்கள்.

தங்கை

ஏப்ரல் 18

தங்கைக்கு,

நீளம் எட்டு அங்குலம். அகலம் ஒன்றரை. இரண்டு முறை அளந்தேன்.

செருப்பைக் கொடுத்தேன். ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, மற்றதை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அண்ணன்