பூண்டுப் பரண்

பேத்துப்பாறை
12.2.1961

அன்பு மகளுக்கு,

இங்கே நாங்கள் சுகம். அய்யம்பாளையத்து வெயில் உனக்கு ஒத்துக்கொண்டதா?

இந்த வருஷம் பூண்டு நன்றாக விளைந்திருக்கிறது. அடுப்புக்கு மேலே பரணில் கட்டித் தொங்கவிட்டுப் புகை போட்டுக்கொண்டிருக்கிறோம். உன் தங்கை வடிவும் அங்கேதான் இருக்கிறாள்.

உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று, கால் சூம்பிய பிள்ளை கண்ணில் பட்டால் சம்பந்தம் தட்டிப்போகும் என்று நான்தான் அவளைத் தூக்கி அங்கே வைத்தேன். அவர்கள் கேட்டபோது, "எனக்கு ஒரே பொண்ணுதாங்க" என்றேன். அவ்வளவு புகையிலும் அவள் ஒரு தடவைகூட இருமவில்லை. நீகூட அதைச் சொல்லி ஆச்சரியப்பட்டாய். உன் கல்யாணத்தன்றும் அங்கேதான் இருந்தாள்.

அதன்பிறகு நாய் குரைத்தாலே ஏணியைக் கையால் பிடித்துத் தானே ஏறிவிடுவாள். இப்போது சோற்றுக்கும் இறங்குவதில்லை. உன் அம்மா தட்டை மேலே நீட்டுகிறாள்.

நேற்று பள்ளிக்கூடத்து டீச்சர் வந்தார். நடக்க முடியாத பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிறார்களாம். "இங்க பதிமூணு வயசுல ஒரு பொண்ணு இருக்குதாமே?" என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் பரணிலிருந்து வடிவு பேசினாள். அவள் குரலைக் கேட்டே பல நாள் ஆயிற்று.

"இந்த வீட்டுல ஒரே பொண்ணுதாங்க. அவளையும் கட்டிக் குடுத்தாச்சு."

டீச்சர் அண்ணாந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். ஆமாம் என்று நான் தலையை ஆட்டினேன்.

படித்ததும் இதை அடுப்பில் போட்டுவிடு, தாயி. மாப்பிள்ளை வீட்டார் கண்ணில் பட வேண்டாம்.

உன் அப்பா