சுவீடனிலிருந்து வந்த பதிவுத்தாள்

செவ்வாய், இரவு.

ஐரோப்பிய மொழிகள் அத்தனையும் என் வீட்டு வேலைக்காரர்கள் என்று தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகள் முழுக்க அளந்தவன் நான். இன்று தங்கை செல்வி, சுவீடனுக்குப் போன தன் மகனைப் பற்றி அந்நாட்டு மக்கள்தொகை அலுவலகம் அனுப்பிய தாளை நீட்டினாள். அவன் அவளிடம் பேசி வெகுநாளாகிறது.

"இங்கிலீஸ்ல எழுதிக் குடுண்ணே. அவனப் போய்ப் பாக்கணும், விசாவுக்கு வேணும்லா."

அகராதியோடு எழுதினேன். பிறந்த நாள், மணமாகாதவர். கடைசிக் கட்டத்தை மூன்று அகராதிகளில் தேடினேன். இருப்பிடம் தெரியாததால் பதிவிலிருந்து நீக்கப்பட்டவர், காணாமல் போனவர்.

"என்னண்ணே போட்டிருக்கு?"

"வீடு மாறிட்டானாம்."

அவள் முகம் மலர்ந்தது. "அப்ப விசா பாரத்துல புது அட்ரஸ எழுதி வைண்ணே. காலையில வாரேன்."

பாரம் முன்னால் கிடக்கிறது. வாய் திறந்தால் ஆயிரம் பொய் உதிர்க்கும் இந்த மகாராஜனுக்கு அதில் எழுத ஓர் ஊர்ப்பெயர் வரவில்லை.