ஹபீபாவுக்கு நோன்பு இல்லை

கிள்ளான்,
1944, ஹஜ்ஜுக்கு முந்தின மாதம், புதன்கிழமை.

அன்புத் தங்கச்சி சௌதாவுக்கு, உன் ராத்தா சுலைகா ஸலாம் சொல்லி எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டுக்காரரும் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருக்க வேண்டும். எங்கள் சுகத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் லோரிக்கார ஜெய்னுதீன் காக்கா பக்கத்தில் நிற்கிறாளே, அது ஹபீபாதான். என் மகள்தான். பார்த்ததும் கத்திவிடாதே. நீ போன வருஷம் கிள்ளிய கன்னம் இப்போது இல்லை. கேட்காமல் அனுப்பியதற்குத் திட்டுவதென்றால் என்னைத் திட்டு, அவள் காதில் விழாமல் திட்டு. எழுதிக் கேட்டுப் பதில் வரும்வரை காத்திருக்க எனக்கு நேரம் இல்லையடி. அம்பாங்கில் உங்கள் வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி நிற்கிறது, நாலு கோழியும் மேய்கிறது என்று காக்கா சொன்னார். அது போதும் எனக்கு.

இங்கே சமையல் என்றால் என்ன தெரியுமா? இன்றைக்கு யாருக்கு இல்லை என்று காலையிலேயே முடிவு செய்வதுதான் சமையல். உன் மச்சான் சாப்பாட்டுக்கடை நடத்தியபோது நூறு பேருக்கு உலை வைத்திருக்கிறேன், அப்போதுகூட இவ்வளவு யோசித்ததில்லை. கடையை மூடிய பிறகு அவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போகிறார். அங்கே வேலை செய்தால்தான் அரிசி. அவர் விழுந்தால் அரிசியும் நின்றுவிடும், அதனால் முதல் பங்கு அவருக்கு. அடுத்தது சின்னவன் கௌஸுக்கு, மூன்று வயசுப் பிள்ளை. பிறகு ஹபீபா, கடைசியில் நான். அந்த அரிசியும் பூச்சி பிடிக்காமல் இருக்கக் கலந்த ஒரே சுண்ணாம்பு, எத்தனை தண்ணீர் மாற்றினாலும் வெள்ளை போவதில்லை. பாசாருக்குக் கூடை நிறைய ஜப்பான் நோட்டைக் கொண்டுபோய், முந்தானையில் முடிகிற அளவு கருவாடு வாங்கி வருகிறேன். மற்றபடி கிழங்கு, கிழங்கு, அதன் கீரை. துருவி, பிழிந்து, தட்டி, அவித்து, பெயரை மட்டும் மாற்றி மாற்றி வைக்கிறேன். இன்றைக்கு என்ன பலகாரம் என்று உன் மச்சான் கேட்பார். வாயைக் கிளறாதீங்க என்று சொல்லிவிடுவேன்.

நோன்பு மாதம் வந்தபோது, உன்னிடம் மறைப்பானேன், எனக்கு நிம்மதியாக இருந்தது. பகலில் அடுப்பு வேண்டாம். ஒன்பது வயசில் ஹபீபா முப்பதும் பிடித்தாள். பெருநாள் முடிந்தும் விடவில்லை. பெருநாளுக்குப் பிறகு பிடிக்கிற ஆறு நோன்பு இருக்கே உம்மா என்றாள். நன்மைதானே, பிடிக்கட்டும் என்று விட்டேன். அது முடிந்ததும் திங்கள், வியாழன் என்றாள். பிறகு பார்த்தால் செவ்வாயும் நோன்பு, புதனும் நோன்பு! சின்னப் பிள்ளைக்குக் கடமையில்லையடி என்றேன். அப்படின்னா எனக்கு நன்மை கூடத்தானே உம்மா என்கிறாள். உடம்பு இளைத்ததே தவிர வாய் இளைக்கவில்லை. தெருப் பெண்கள் வேறு, சுலைகா கொடுத்து வைத்தவள், என்ன பிள்ளை பெற்றிருக்கிறாள் என்று புகழ்கிறார்கள். ஓதிக்கொடுக்கும் லெப்பையிடம் இழுத்துப் போய், நீங்களாவது தடுத்துச் சொல்லுங்க என்றேன். அவரோ அவள் தலையில் கை வைத்து துஆ செய்து அனுப்பினார். நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

போன வெள்ளிக்கிழமைதான் பிடிபட்டாள். நோன்பு திறந்ததும் நான் தொழ நிற்கிறேன் அல்லவா, அந்த நேரத்தில் தன் பங்கை எடுத்துக் கௌஸுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். இவள் வயிற்றில் போவது வெறும் தண்ணீர். நான் வந்ததும் ஏப்பம் விட்டுக் காட்டுவாள், கள்ளி. அடிக்கக் கையை ஓங்கினேன். எங்கே அடிப்பது, சொல்லு, எல்லா இடமும் எலும்பு. எனக்குப் பசிக்கவே இல்லை உம்மா, தம்பி நல்லாகட்டும் என்கிறாள்.

தம்பி நல்லாகவில்லை. கால் வீங்கி, இப்போது முகமும் வீங்கிவிட்டது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனேன். முட்டையும் பருப்பும் கொடுக்கச் சொன்னார்கள். வீட்டில் முட்டையை வைத்துக்கொண்டா நான் அங்கே போனேன்? நேற்றிலிருந்து மூச்சு வாங்குகிறது, ஊட்டினால் வாயிலேயே நிற்கிறது. லோரியில் ஏற்றினால் வழி தாங்க மாட்டான், இல்லாவிட்டால் அவனையும் அனுப்பியிருப்பேன். சௌதா, இவனுக்கென்று முட்டை கொடுத்தனுப்பாதே. அதை ஹபீபாவுக்கு அவித்துக் கொடு. இப்படி எழுத எப்படி மனசு வந்தது என்று கேட்காதே. வந்துவிட்டது.

இந்த வீட்டில் நடக்கப்போவது நடக்கும்போது அவள் இங்கே இருக்கக் கூடாது. அன்றைக்கு ஒரு வாய் தின்றிருந்தால்கூடப் போதும், நான் தின்றதால்தான் தம்பிக்கு இல்லாமல் போனது என்று நினைத்துக்கொள்வாள். பிறகு அவள் வாயைத் திறக்க உன்னாலும் முடியாது, என்னாலும் முடியாது. இருக்கிற இரண்டில் ஒன்றையாவது எனக்கு மிச்சம் வைத்துக் கொடு.

சாச்சிக்கு உடம்பு சரியில்லை, கிழங்கு பிடுங்க ஆள் இல்லை என்று பொய் சொல்லித்தான் அனுப்பியிருக்கிறேன். அதனால் ரெண்டு நாளைக்கு நீ கொஞ்சம் இருமிக்கொண்டிரு. அவள் சாப்பிடும்போது எதிரே உட்கார், விழுங்கும்வரை எழுந்திருக்காதே. தம்பிக்கு என்று இலையில் மடித்து வைப்பாள். பிடுங்காதே, ஏசாதே. காக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன் என்று வாங்கி வைத்துக்கொள். பிறகு அதையே சூடு பண்ணி அவளுக்குக் கொடு.

அவள் லோரி ஏறப் போகிறாள், இதைக் காக்கா கையில் கொடுக்க வேண்டும். உன் மச்சான் முகத்தைத் திருப்பிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். கௌஸ் மட்டும் அவளுக்குக் கை காட்டுகிறான்.

உன் வீட்டுப் பானையில் அல்லாஹ் பரக்கத்தைக் கொடுக்கட்டும். இங்கிருந்து சேதி வரும். யார் கொண்டுவந்தாலும் வாசலிலேயே நிறுத்திவிடு. முதலில் அவளை உட்கார வைத்து வயிறு நிறையச் சோறு போடு. தின்று முடிக்கட்டும், கை கழுவட்டும். அதற்குப் பிறகு சொல். நீ ஊட்டியதை எல்லாம் தம்பி ஒரு பருக்கை விடாமல் தின்றான் என்று ராத்தா எழுதியிருக்கிறாள் என்றும் சொல்.

உன் ராத்தா,
சுலைகா