வெள்ளிக்கிழமை நண்டு

சேசு மரி சூசை

கும்மிடிப்பூண்டி,
9-3-1963

என் அன்பு ரெஜினாவுக்கு,

சிஸ்டர் என்று தொடங்கத்தான் நினைத்தேன், கை கேட்கவில்லை. நீ மடத்துக்குப் போய் ஐந்து வருஷமானாலும் எனக்கு ஹாஸ்டல் ரெஜிதான். இங்கே நானும் அவரும் பிலோக் குட்டியும் சுகம். எழுதிவிட்டேனே தவிர, பாதிதான் உண்மை.

ஜனவரியில் பிலோவுக்கு நெஞ்சுச் சளி கட்டி மூச்சு இழுத்தது. மூன்று மாதக் குழந்தை! மாதா சுரூபத்தின் முன் விழுந்து, 'இவள் பிழைத்தால், இவளுக்கு ஒரு வயசு ஆகும்வரை ருசிக்கென்று ஒரு வாய் சாப்பிட மாட்டேன்' என்று நேர்ந்துகொண்டேன். பிழைத்தாள். அன்றிலிருந்து உன் வழிதான். ஹாஸ்டலில் ருசி போகக் குழம்பில் ஒரு தம்ளர் தண்ணீரைக் கொட்டிப் பிசைந்து சாப்பிடுவாயே, அதேதான். யாரிடமும் சொல்லவில்லை, அவரிடம்கூட.

ஆனால் ரெஜி, தண்ணீர்ச் சோறு நாலு கவளத்துக்கு மேல் இறங்கவில்லை. பால் வற்றிக்கொண்டே வந்தது. குழந்தை உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துவிட்டு வீறிடுவாள்.

நேற்று நடந்ததைக் கேள்! பழவேற்காட்டிலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சம்மாள் வந்து கூடையை இறக்கினாள். "இன்னாம்மா, மூஞ்சி வெளுத்துப் பூட்ச்சே! நண்டு கீது, உள்ள பூரா சதை. நீ துன்னாட்டி போ, புருசனுக்காவது ஆக்கிப் போடு" என்று ஆறு நண்டை என் தலையில் கட்டிவிட்டுப் போனாள்.

அவருக்காகத்தான் மிளகு அரைத்து வைத்தேன். உப்புப் பார்க்க விரலை நக்கினேன். அவ்வளவுதான்! அடுப்படியில் நின்றபடியே மூன்று நண்டு. ஓட்டை உடைத்து, காலைக் கடித்து, உறிஞ்சி... பசியில்லை ரெஜி, ருசி! சுத்த ருசி!

நேற்று வெள்ளிக்கிழமை. இறைச்சிதான் கூடாது, நண்டு கூடும். சுத்தபோசனக் கட்டளையை நான் மீறவே இல்லை. எந்தக் கட்டளையையும் மீறாமலே பாவம் கட்டிக்கொண்டேனே! 'பசிக்கு உண்பது கடமை, ருசிக்கென்றே உண்பது போசனப்பிரியம்' என்று ஞானோபதேச வகுப்பில் எழுதி வைத்தோமே!

இதையும் கேள். சாயங்காலம் பால் சுரந்தது பார், ரவிக்கையே நனைந்துவிட்டது! பிலோ வயிறு முட்டக் குடித்தாள். இது தண்டனையா, வரமா? சாமியாரிடம் கேட்க வெட்கமாக இருக்கிறது. மறு தபாலிலேயே எழுது.

உன்
அமலோற்பவம்


கும்மிடிப்பூண்டி,
18-3-1963

அன்பு ரெஜி,

தபால்காரரைத் தினமும் வாசலில் மறித்தேன். இன்றுதான் தலையில் அடித்துக்கொண்டேன். தபசு காலத்தில் நீங்கள் கடிதம் எழுதவோ வாங்கவோ கூடாதே! சேசு உயிர்த்த பாஸ்குத் திருநாள் முடிய இன்னும் நாலு வாரம். அதுவரை நான் என்ன செய்ய?

மறுபடி தண்ணீர் ஊற்றத் தொடங்கிவிட்டேன். கொடுத்த வாக்கு ஆயிற்றே. பால் மறுபடி போயிற்று. சுகாதார நிலையத் தராசில் பிலோ போன வாரத்தைவிட அரை ராத்தல் குறைவு. அஞ்சம்மாள் தெருவே கேட்கக் கத்தினாள்: "காலேஜு படிச்சவளாம்! புள்ள எலும்பாப் போவுது. எந்த சாமிம்மா உன் நாக்கக் கேட்டுச்சு?"

அவர் கத்தவில்லை. ஸ்டேஷன் பார்சல் ஆபீசிலிருந்து வந்து சாப்பிட உட்கார்ந்தவர், என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னா அமலு, எம்மேல எதுனா கோவமா? நான் வாங்கியாற சாமானு எதுவும் உனக்குப் புடிக்கலியா?" சொன்னால் நேர்ச்சையின் பலன் போய்விடுமோ? சொல்லாவிட்டால் இவர் போய்விடுவாரோ?

நீ படிக்க மாட்டாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

அமலி


சென்னை,
24-3-1963

கிறிஸ்துவில் பிரியமுள்ள அமலிக்கு,

மடத்து ஒழுங்குக்கு விலக்குக் கொடுத்து, மதரே என்னை எழுதச் சொன்னார்கள். வரும் கடிதங்களை அவர்கள்தான் முதலில் பிரிப்பார்கள். உன் இரண்டையும் படித்துவிட்டு, "தண்ணீர் ஊற்ற நீயா கற்றுக்கொடுத்தாய்?" என்றார்கள். மறைத்ததை எல்லாம் அவர்களிடம் சொல்லிவிட்டேன்.

அமலி, எனக்கு அப்போது வயிற்றுப்புண். காரம் பட்டால் துடிப்பேன். நோய் தெரிந்தால் மடத்தில் எடுக்க மாட்டார்கள் என்று மறைத்தேன். அது தபசு என்று நீங்களாகப் பேசிக்கொண்டீர்கள், நான் மறுக்கவில்லை. நீ என்னைச் சுரூபத்தைப் பார்ப்பதுபோல் பார்ப்பாயே, அது எவ்வளவு இனித்தது தெரியுமா? உன் நண்டு என்ன பெரிய ருசி! நான் மூன்று வருஷம் இதைத் தின்றேன்.

மதர் சொன்னவை: ருசியை மட்டுமே தேடி உண்பது குற்றம்தான். ஆனால் நாம் உண்ண வேண்டும் என்றுதான் சர்வேசுரன் உணவில் ருசியை வைத்தார். உண்ணும்போது அது கூட வந்தால் விரட்ட வேண்டியதில்லை. பால் கொடுக்கும் தாய்க்கு ஒருசந்தி நோன்பே கடன் இல்லை. குழந்தையின் வாயிலிருந்து எடுத்து வைக்கும் காணிக்கை அவருக்கு வேண்டாம். நேர்ச்சையை நீயே அதற்குச் சமமான நன்மையாக மாற்றிக்கொள்ளலாம். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டு உறுதி செய்துகொள்.

என்னை அவர்கள் அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். டாக்டரிடம் அனுப்புகிறார்கள்.

இனி நீ எழுதாவிட்டாலும் நியாயமே.

ரெஜினா


கும்மிடிப்பூண்டி,
1-4-1963

அடி ரெஜி,

மூன்று வருஷம்! கடிதத்தை வீசி எறிந்தேன். பிறகு பொறுக்கி எடுத்து அவரிடமே கொடுத்துவிட்டேன். படித்தார். "அப்ப எம்மேல கோவமில்ல" என்றார். ஒரே வார்த்தை! இரண்டு மாதமாக மனுஷர் அந்தப் பாரத்தைச் சுமந்துகொண்டு பார்சல் எண்ணியிருக்கிறார்.

நேற்று பூசைக்கு முன் சாமியாரிடம் எல்லாம் சொன்னேன். பாவசங்கீர்த்தனத் தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து "மூணு நண்டா?" என்றார். "மூணு, சாமி." "உனக்கு முன்னாடி புருசன் சாப்பிட்டானா?" "மிச்சத்தைச் சாப்பிட்டார், சாமி." நேர்ச்சையை மாற்றிக் கொடுத்தார்: பிலோவுக்கு ஒரு வயசாகும்வரை, பால் இல்லாத தாய் யார் வீட்டிலாவது இருந்தால் வாரம் ஒரு வேளைச் சோறு என் கையால் போகவேண்டும், நன்றாகச் சமைத்து, ருசி பார்த்து! அப்படியே சொன்னார், ரெஜி! பக்கத்து வீட்டு வரதன் பெண்சாதிக்குப் போன வாரம்தான் பிரசவம், பால் இல்லை. இன்று சுறாப்புட்டு போயிற்று. உப்புப் பார்த்தேன், இரண்டு முறை.

பிலோவைக் கவனித்தேன். வயிறு நிறைந்துவிட்டது, ஆனாலும் விடமாட்டேன் என்கிறாள். கடைவாயில் பால் வழிய, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உறிஞ்சுகிறாள். இதைப் போசனப்பிரியம் என்று எந்த வகுப்பில் எழுதுவேன்?

உன் மேல் கோபம் இன்னும் முழுசாகத் தீரவில்லை. தீர்ந்ததும் சொல்கிறேன். டாக்டர் என்ன சொன்னார் என்று அதற்குள்ளேயே எழுதிவிடு. மதரிடம் இன்னொரு விலக்குக் கேள்.

இதோ, அழத் தொடங்கிவிட்டாள். இந்தச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டிருந்தவள் நான். அழட்டும், இருக்கிறது! நிறைய இருக்கிறது! கையெழுத்துப் போட நேரமி