நான் வாங்கிய கிரிப்

ஆவணி, ஞாயிறு இரவு

என் மகன் சேகரின் மவுண்டன் பைக் ஹேண்டில்பாருக்குப் போன வாரம்தான் புது கிரிப் வாங்கிக் கொடுத்தேன். கடையில் இருந்ததிலேயே தடிமனான, மெத்தென்ற ஜோடி. தென்னேரி வரை ஓட்டிவிட்டு வந்தவன், கை மரத்துப்போவதை என்னிடம் சொல்லவில்லை. தன் மாமியாரிடம் சொல்லியிருக்கிறான்.

அந்த அம்மாள் இன்று பிள்ளையார்பாளையத்திலிருந்து மெல்லிய கிரிப்போடு வந்தார். கூடத்தில் அவன் கையைப் பிடித்து விரல்களை மடக்கிப் பார்த்தார்.

"தடியா இருந்தா விரல் சுத்திப் புடிக்காது மாப்ளே. இத்தப் போட்டுப் பாருங்க."

என் அம்மா என் கணவர் எதிரில் உட்கார்ந்ததுகூட இல்லை. கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவார்.

சேகர் என் கிரிப்பைக் கத்தியால் கீறி எடுத்துவிட்டு, அவர் கொண்டுவந்ததை மாட்டினான்.

"சம்பந்தியம்மா கோச்சுக்கப் போறாங்க" என்று அந்த அம்மாள் சிரித்தார்.

"பிடிக்கிற கை அவனுடையது. எனக்கென்ன?" என்றேன்.

அவர்கள் காபி குடிக்கும்போது வாசலுக்குப் போய், புது கிரிப்பைப் பலங்கொண்ட மட்டும் திருகிப் பார்த்தேன். கொஞ்சமும் நகரவில்லை.

"என்னாம்மா பண்ணிக்கினு இருக்கற?" என்று உள்ளேயிருந்து கேட்டான்.

"தூசி துடைக்கிறேன்" என்றேன்.

அந்த அம்மாள் எழுந்து வந்து, என் கையில் ஒரு ஈரத்துணியைக் கொடுத்துவிட்டுப் போனார். வேறு வழியில்லாமல் சைக்கிள் முழுவதையும் துடைத்தேன்.